பெயர் மட்டும் பார்த்துப் போட்ட கையெழுத்து

3 மார்ச் 2024, ஞாயிறு

இன்று வேலூரில் மூன்று வீடு பார்த்தோம். கூடப் படிக்கிற ஜோதிக்குக் கால் வலி, எனக்குத் தலை வலி. எம்.எஸ்சி. முடிகிற வரை ஹாஸ்டலிலேயே இருந்துவிடலாம் என்று முனகிக்கொண்டே வந்தவள், ஹாஸ்டல் சாம்பாரை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குச் சாம்பார் பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு உணவுக்குழாயில் கட்டி. இந்த மாதம் பாதியில் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க ஆரம்பிக்கிறார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும், ஆறு வாரம். நடுவில் விடவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற உடம்பா அது? அதற்குத்தான் இந்த வீடு வேட்டை.

ஆனால் இந்த ஊரில் 'பேஷன்ட்' என்று சொன்னால் வீட்டு வாடகை லாட்ஜ் வாடகை ஆகிவிடும். இல்லையென்றால் கேட்டே திறக்க மாட்டார்கள். வைத்தியத்துக்கு வருகிறவர்களை வைத்துப் பாதி ஊர் பிழைக்கிறது, மீதிப் பாதி அவர்களைக் கண்டு பயப்படுகிறது. ஜோதி காலையிலேயே சொல்லி வைத்தாள்: "பேஷன்ட்னு வாயத் தொறக்காத. அப்பா அப்பப்ப வருவாருன்னு மட்டும் சொல்லு."

கொசப்பேட்டை வீட்டில் சுவரெல்லாம் ஓதம். வீட்டுக்கார அம்மா, யார் வேண்டுமானாலும் வந்து தங்கட்டும், சண்டை போடாமல் இருந்தால் போதும் என்றார். அடுத்தது கக்கூஸ் வெளியே. மூன்றாவது, சத்துவாச்சாரியில் ஒரு மாடி. காற்று, வெளிச்சம், தனி மீட்டர். கீழே ஓய்வுபெற்ற டீச்சர் ஜெயபுஷ்பம் தனியாக இருக்கிறார். பாத்ரூம் தாழ்ப்பாள், குழாய்த் தண்ணீர், மழை ஒழுகுமா, போன் டவர் கிடைக்குமா என்று நாங்கள் பார்க்காதது எதுவும் இல்லை. அப்பா படுக்க ஜன்னலோரம் ஓர் இடம்கூட மனசுக்குள் பிடித்துவிட்டேன்.

6 மார்ச், புதன்

கையெழுத்து போட்டாயிற்று. டீச்சர் வீட்டு முன்னறையில், இயேசு படத்துக்குக் கீழே. பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில் டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். "நல்லா படிச்சிட்டுப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

ஜோதி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால் ஏதாவது கேட்க வேண்டி வரும். ஒன்று கேட்டால் அவர் இரண்டு கேட்பார், அப்பா விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் முதல் வரியை மட்டும் பார்த்தேன். 'ஒடுகத்தூர், திரு. கோதண்டபாணி அவர்களின் குமாரத்தி செல்வி எழிலரசி.' பெயரில் எழுத்துப்பிழை இல்லை. போட்டுவிட்டேன். காப்பி வருவதற்குள் வேலை முடிந்தது.

போனில் சொன்னதும் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். உன் பெயரிலா வீடு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். வாடகை வீடுதான்ப்பா என்றேன். இருந்தாலும் உன் பெயர்தானே என்றார்.

17 மார்ச், ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். ஒரு பை, ஒரு போர்வை, வீட்டு வேர்க்கடலை ஒரு மூட்டை. அவரால் தின்ன முடியாத வேர்க்கடலை.

19 மார்ச், செவ்வாய்

மார்பில் மையால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கரண்ட் சரியாக அந்த இடத்தில் படுவதற்காம். முடிகிற வரை அழியக் கூடாது, சோப்பு போடக் கூடாது. அப்பா சட்டையைத் தூக்கிக் காட்டினார். "சர்வேயர் வந்து அளந்து கல்லு நட்டுட்டுப் போன மாதிரி இல்ல?" நானும் ஜோதியும் சிரித்தோம். அவள் பாத்திரம் தேய்க்கப் போய் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

25 மார்ச், திங்கள்

அப்பா கீழே டீச்சரின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இவ்வளவு நாளாக இங்கே என்ன செய்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டாராம். வாட்ச்மேன் வேலை தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகக் கற்றுக்கொண்டார்.

டீச்சர் கொடுத்த பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டு மேலே கொண்டுவந்தார். எனக்காம். இப்போது கஞ்சிதான் இறங்குகிறது, அதுவும் அரை டம்ளர்.

28 மார்ச், வியாழன்

மை பனியனில் ஒட்டுகிறது. எவ்வளவு கசக்கினாலும் போகவில்லை. இனி உள்ளேயே காய வைக்க வேண்டும்.

4 ஏப்ரல், வியாழன்

மறந்துபோனேன். செமினார் அவசரத்தில் பனியனை மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். காற்றில் அது கீழே போய் விழுந்திருக்கிறது.

சாயங்காலம் டீச்சர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். கோபமாக வந்திருந்தால் தேவலை. உட்காரக்கூட இல்லை. அப்பாவுக்குக் கரண்ட் வைக்கிறார்களா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்று வருஷம் முன்பு இந்த மாடியில் இருந்த பையன்கள் சொந்தக்காரர் ஒருவரை இப்படித்தான் சொல்லாமல் தங்க வைத்திருந்தார்களாம். பையன்கள் காலேஜ் போயிருந்த நேரம், மாடியில் தண்ணீர் வழிகிறதே என்று பார்க்கப் போனவர் டீச்சர். குழாய் திறந்தபடி இருந்திருக்கிறது, அந்த மனிதர் பக்கத்திலேயே செத்துக் கிடந்திருக்கிறார். அவர் பனியனிலும் இதே மை.

"அதுக்கப்புறம் எனக்கு ஒரு வருஷம் தூக்கமில்லம்மா. அதனாலதான் அக்ரிமெண்ட்ல எழுதி வச்சேன். நீ படிச்சிட்டுதான கையெழுத்துப் போட்ட? அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருந்தா, நீ வேற வூடு பாத்திருப்ப இல்ல?"

திட்டியிருக்கலாம். இதைச் சொல்லிவிட்டாரே.

ஞாயிறு வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அப்பா இருந்தால் நாங்கள் இரண்டு பேருமே காலி செய்ய வேண்டும். ஜோதிக்கும் எனக்கும் பரீட்சை பத்து நாளில். அப்பா படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

5 ஏப்ரல், வெள்ளி

ஒப்பந்தத்தை இன்றுதான் படித்தேன். ஒன்பதாவது நிபந்தனை. 'வாடகைதாரர்கள் தவிர வேறு எவரும், குறிப்பாக மருத்துவச் சிகிச்சைக்கு வந்தவர்கள், மேற்படி வீட்டில் இரவு தங்கக் கூடாது. தங்கினால் வாடகைதாரர்கள் உடனடியாக வீட்டைக் காலி செய்ய வேண்டும்.' நல்ல தமிழ். ஒரு சொல் புரியாமல் இல்லை. எனக்குக் கண் இல்லையா? ரெண்டு நிமிஷம் ஆயிருக்குமா படிக்க?

கொசப்பேட்டைக்கு ஓடினேன். அந்த ஓத வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் லாட்ஜுகளில் கேட்டேன், ஒன்றிலும் இடமில்லை. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த வாரம் அப்பா எங்கே படுப்பார்?

8 ஏப்ரல், திங்கள்

அப்பா போய்விட்டார். காலையில் கரண்ட் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார். வீடு கிடைக்கிற வரை நான் ஹாஸ்டலில் கெஞ்சிக் கேட்டு ஏதாவது செய்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன்.

"இன்னா இப்ப, பஸ்ஸு தான் இருக்கே. தெனம் வந்துட்டுப் போறேன். நீ பரீட்சையப் பாரு. உன்னோட சேத்து அந்தப் பொண்ணையும் தெருவுல வுடக் கூடாது."

கிளம்பும்போது டீச்சர் பிளாஸ்கில் பார்லிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டு, செடிக்கு நேற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை, மன்னிக்கணும் என்றார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. டீச்சர் முகத்தையா, என் முகத்தையா, தெரியவில்லை.

12 ஏப்ரல், வெள்ளி

நான்கு நாளும் வந்துவிட்டார். இன்று பஸ்ஸில் வாந்தி. கண்டக்டர் வழியில் அணைக்கட்டு ஸ்டாப்பில் இறக்கிவிட, நிழலில் உட்கார்ந்திருந்து அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

16 ஏப்ரல், செவ்வாய்

அப்பா வரவில்லை. போனை அம்மா எடுத்தாள். எழுந்து நிற்க முடியவில்லை, நாளைக்கு வருவார் என்றாள்.

17 ஏப்ரல், புதன்

வரவில்லை.

18 ஏப்ரல், வியாழன்

வரவில்லை. எனக்கு இன்று பரீட்சை. எதை எழுதினேனோ.

21 ஏப்ரல், ஞாயிறு

ஊருக்குப் போனேன். அப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். "கொஞ்சம் பரவால்ல எழிலு. ரெண்டு வாய் கூட எறங்குது." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கே காரில் கூட்டிக்கொண்டு போகிறேன், மிச்சத்தையும் வைத்துவிடலாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்பில் மைக் கோடு அப்படியே இருக்கிறது. இன்னும் சோப்பு போடாமல் வைத்திருக்கிறார்.

24 ஏப்ரல், புதன்

இன்றுதான் கார் கிடைத்துக் கூட்டிப் போனோம். ரத்த அணுக்கள் குறைந்துவிட்டன, இப்போது வைக்க முடியாது என்றார்கள். இடைவெளி விழுந்ததும் நல்லதில்லை என்றார் டாக்டர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். தங்க இடமில்லை என்றேன். இந்த ஊரிலா என்றார்.

30 ஜூன், ஞாயிறு

வயிற்றில் குழாய் போட்டிருக்கிறார்கள். அதன் வழியாகக் கஞ்சி ஊற்ற அம்மா கற்றுக்கொண்டாள். என்னையும் ஊற்றச் சொன்னார் அப்பா. சிந்தாம ஊத்து, அம்மா திட்டுவா என்றார்.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ஆம்பூரில், ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். ஒடுகத்தூரில் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. மாட்டை விற்றுவிட்டோம்.

ஜோதி வேலூரிலேயே இருக்கிறாள், இன்று கூட வந்தாள். குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினாள். ஒரே உப்பு. குடிக்க கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டும். தோல் நாற்றம் காற்று திரும்பினால் வருமாம். பரவாயில்லை. வீட்டுக்காரர் குர்ஷித் அம்மா, என் அம்மாவைப் பார்த்ததும் சேர் எடுத்துப் போட்டார்.

9 டிசம்பர், திங்கள்

குர்ஷித் அம்மா டைப் அடிக்கிற கடைக்கே என்னையும் அம்மாவையும் ஜோதியையும் கூட்டிப் போனார். என் அம்மா சுந்தரி என்னோடு தங்குவார், உடம்புக்கு முடியாமல் போனாலும் தங்குவார், வைத்தியம் பார்த்துக்கொண்டும் தங்குவார் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். குர்ஷித் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பெத்த அம்மா தங்கறத்துக்கு பேப்பர் எதுக்கும்மா? யாரு இன்னா கேக்கப்போறாங்க?"

"எழுதிடுங்கம்மா" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் டைப் அடிக்கிறவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

டைப் அடித்த தாளைக் கையில் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். எப்போது காலி செய்யச் சொல்லலாம், எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ரிப்பேர் யார் செலவு, யார் தங்கலாம், எவ்வளவு நாள் தங்கலாம் என்று எல்லா நிபந்தனையையும் விரல் வைத்துப் படித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, திருத்தச் சொன்னேன்.

முதல் வரியை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அப்பா பெயர் கேட்டபோது டைப் அடிக்கிறவர், இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அம்மாதான் பதில் சொன்னாள்.

'ஒடுகத்தூர், காலஞ்சென்ற திரு. கோதண்டபாணி அவர்களின் குமாரத்தி.' பெயர் சரியாக இருக்கிறதா என்று ஜோதியைப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றாள். கையெழுத்துப் போட்டேன்.