காவடி எடுத்த சந்தோஷம்

ஒலக்கூர், 18.1.86

இன்றும் அவர் எழுந்திருக்கவில்லை. தீபாவளிக்குப் படுத்தவர், பொங்கலும் போயாச்சு. முகம் சுவரைப் பார்த்தபடியே. கொல்லையில் மல்லாட்டை விதைப்பை மாமியாரும் நானும்தான் ஆள் வைத்து முடித்தோம். திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, மோட்டார் போட்டு, தண்ணீர் கட்டி, சமைத்து, சோற்றை வாயருகே கொண்டுபோனால், "வேணாம் தேவகி, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்கிறார். கோபம்தான் வருகிறது. லாயக்கில்லாதவருக்கா நான் இந்த ஓட்டம் ஓடுகிறேன்?

2.2.86

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். மாமியார் செய்வினை என்று கயிறு கட்டினார். இரண்டும் இருக்கட்டும். நான் மயிலம் முருகனிடம் சொல்லிவிட்டேன் — என் வீட்டுக்காரரை எழுப்பிவிடு, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன்.

27.2.86

எழுந்துவிட்டார். தானே குளித்தார். கிணற்றடியில் பாட்டு வேறு.

13.3.86

வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. மாட்டுக் கொட்டகையைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார். எனக்குப் புடவை, மாமியாருக்குப் புடவை, பால்காரன் பெண்டாட்டிக்கும் புடவை. பேச்சு ஒன்று முடியுமுன் அடுத்தது. தெருவே இவரைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறது. நானும்தான். தூக்கம் மட்டும் இல்லை. கேட்டால், மூன்று மாசத்துத் தூக்கம் கையிருப்பு இருக்கிறதாம். பேச்சில் இவரை யார் ஜெயிப்பது?

25.3.86

மயிலத்தில் காவடி எடுத்தேன். கால் கொப்புளம். மாமியார் மலையடியில் நின்று "எம் புள்ளையக் குடுத்துட்டான்" என்று அழுதார். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

2.4.86

இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொல்லை முழுக்க ஆள். இன்னும் ஒரு மாசம் நிற்க வேண்டிய மல்லாட்டையைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும். ஒன்றை உரித்தேன், உள்ளே வேர்க்கடலையே பிடிக்கவில்லை, வெறும் தண்ணீர். யாருமே தடுக்கவில்லையா? கேட்டால், அவர் சொன்ன தோரணையில் சந்தேகமே வரவில்லையாம். விலை ஏறப்போகிறது என்று கனவில் கண்டாராம், முந்திக்கொள்ள வேண்டுமாம்.

என்னங்க இது என்றேன், அவ்வளவுதான். அந்தக் கண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. என் ராசிக்குக் குறுக்க நிக்கிறியா என்று அடித்தார். ஏழு வருஷத்தில் முதல் அடி. பிறகு சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகைகூட வரல. என்ன நடந்துச்சு? யாரு அது?

4.4.86

விழுப்புரத்திலிருந்து என் அண்ணன் வேணு ஓடிவந்து தேடினான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருந்தாராம். சட்டை இல்லை, வாட்ச் இல்லை — யாருக்கோ கொடுத்துவிட்டார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம். குரல் கட்டிப்போயும் நிறுத்தவில்லை.

7.4.86

பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு வரும் மனநல டாக்டரிடம் அண்ணன் அழைத்துப்போனான். அவருக்கு ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். நான் எல்லாம் சொன்னேன். மாசியிலிருந்து நல்லாத்தான் சார் இருந்தாரு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாசியில அவரு நல்லா ஆகலம்மா. படுத்துக் கிடந்ததும் வியாதிதான், நீங்க காவடி எடுத்தீங்களே, அந்த சந்தோஷமும் அதே வியாதிதான்."

மனசு இறங்கினால் எழுந்திருக்கவே முடியாதாம். ஏறினால் தூக்கம் வேண்டாம், பயம் தெரியாது, செய்வதெல்லாம் சரியென்று தோன்றுமாம். செய்வினை இல்லை, திமிர் இல்லை, யார் தப்பும் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், அப்பப்போ ரத்தம் பார்க்க வேண்டும்.

முன்னே எப்போதாவது இப்படி உற்சாகமாக இருந்தாரா என்று கேட்டார். கோலியனூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று! காபி வருமுன்னே எழுந்து, இந்தப் பொண்ணுதான், அடுத்த முகூர்த்தத்திலயே கல்யாணம் என்றார். ஊரையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் தலையாட்டினேன். கல்யாணமாகி ஆடியில் படுத்தார், கண்திருஷ்டி என்றார்கள்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

8.4.86

அப்படியானால் நான் யாரைக் கட்டிக்கொண்டேன்?

20.6.86

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாசமாகிறது. மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், கேட்டால் மட்டும் பதில். படுக்கவும் இல்லை, பறக்கவும் இல்லை. என்னை அடித்தது நினைவிருக்கிறதாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரையை எடுத்துக்கொடுப்பது நான்தான். இன்று ஒரு நிமிஷம் தோன்றிற்று — கொஞ்ச நாள் இதை நிறுத்தினால் அந்தச் சிரிக்கிற மனுஷன் வருவாரா? நினைத்ததுக்கே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அடி வாங்கியவளா இப்படி நினைக்கிறாள்? ஆமாம், அவளேதான். எனக்கு அவரைத் தேடுது.

3.8.86

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இவர் நல்லவர்தான், ஆனால் எனக்குப் புது ஆள், கோலியனூர் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று. அவர் போகாதே என்று சொல்லவில்லை.

14.9.86

காலையில் கோலியனூர் போகப் பையை எடுத்துவைத்தேன். அவர் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

"அன்னிக்கு உன்னப் பொண்ணு பாக்க வந்தது நானா, வியாதியான்னு நீ யோசிச்சிக்கினு இருக்கற. எனக்கும் தெரியல தேவகி. இப்ப நாந்தான் கேக்கறேன். இந்த ஆளோட இருக்கிறியா?"

இவர் என்னிடம் எதையும் கேட்டதே கிடையாது. கல்யாணத்திலிருந்து கொட்டகைவரை எல்லாம் அறிவிப்புதான், இல்லையென்றால் சுவர்தான்.

யோசிச்சிச் சொல்றேன் என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன், என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. சரி என்று தலையாட்டினார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. எழுந்து போகவும் இல்லை.

பஸ் போய்விட்டது. இவருக்குக் காத்திருக்கத் தெரியும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.