நான்காவது குறிப்பு

கரமனை,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அனந்தலக்ஷ்மி அவர்களுக்கு,

சேஷன் நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் மகள் சுப்ரியாவும் நலம். தஞ்சாவூரில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் புறப்படுவதற்குள் கிடைக்கட்டும் என்று இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். போனில் எனக்குப் பாதிதான் சொல்ல வருகிறது. ஏஜீஸ் ஆபீசில் தணிக்கைக் குறிப்பு எழுதியே பழகிய கை. எண் போடாமல் எதையும் தொடங்கத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு நான் சொல்லாமல் விட்ட நன்றி.
2. கோர்ட் உத்தரவுக்குப் பிறகு வீட்டு நிலவரம்.
3. என் பிள்ளை நவநீத் கொண்டு வந்த மனு.
4. சுப்ரியாவை நீங்கள் சில மாதம் தஞ்சாவூருக்கு அழைத்துப் போவது நல்லது என்பதற்கான காரணங்கள்.

முதலாவது. சுப்ரியாவின் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் ஓடி வந்தீர்கள். கையை முறித்தவனைப் பெற்றவன் நான், வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். நீங்களோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “முதல்ல உக்காருங்கோ, உங்களுக்குக் கால் நடுங்கறது” என்றீர்கள். அதற்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது. நவநீத் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, சுப்ரியா இங்கேயே இருக்கலாம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டது உங்களுக்குத் தெரியும். வீடு அப்பா பெயரில் இருக்கிறது, மருமகளுக்கு இதில் என்ன உரிமை என்று அவன் வக்கீல் வாதாடினார். உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருந்ததாம். பிறகு அது தவறு என்று அதே நீதிமன்றம் மாற்றிவிட்டதாம். நம் வக்கீல் ஆதிரா எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். குடும்ப வன்முறைக்கு எதிராக இந்தச் சட்டம் வேண்டும் என்று ஊர்வலம் போன பெண்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் செக்ரடேரியட் வாசலில் அப்படி ஏதாவது கூட்டம் நின்றால், பஸ் தாமதமாகிறதே என்று அலுத்துக்கொள்கிறவன் நான். அவர்களுக்கும் என் நன்றியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சண்டைச் சத்தம் இல்லை. சுப்ரியாவின் ஆபீஸ் கழக்கூட்டம் என்ற ஊரில், எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் காலைச் சமையல் என்னுடையது. “அப்பா, இது சாம்பாரா ரசமான்னு நீங்களே முடிவு பண்ணிடுங்கோ” என்று நேற்றுகூடச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்றாவது. புதன்கிழமை, சுப்ரியா ஆபீஸ் போன பிறகு, நவநீத் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கிரில் வழியாக ஒரு மனுவை நீட்டினான். பிள்ளைகள் கைவிட்ட வயதானவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறதல்லவா, அதன்படி ரெவின்யூ ஆர்.டி.ஓ.வுக்கு நான் கொடுப்பதாக எழுதப்பட்ட மனு. மருமகள் எனக்குச் சாப்பாடு போடுவதில்லை, மிரட்டுகிறாள், அவளை என் வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று இருக்கிறது. “இது உங்க வீடுப்பா. ஒரு ஒப்பு இட்டா மதி, பின்னே நான் பாத்துக்கறேன்” என்றான். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து, மதி என்றால் போதும். கூடவே வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்மகுமார், “மாமா, நியமம் எல்லாம் இப்போ பெண்ணுங்க பக்கம். நமக்குன்னு உள்ளது இந்த ஒண்ணு மாத்ரம்” என்றார். சட்டத்தைத்தான் இங்கே நியமம் என்பார்கள்.

சாப்பாடு விஷயத்தில் மனுப் போட வேண்டியவள் சுப்ரியாதான், அதுவும் என் சாம்பாரின் பேரில். இரண்டு சட்டமும் அடிபட்டவர்களுக்காக எழுதியவை. ஒன்றை எடுத்து மற்றொன்றை உடைக்கச் சொல்கிறான் என் பிள்ளை. கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் அதை அவனிடம் சொல்லவும் இல்லை. யோசிக்கிறேன் என்றேன். நாளை இல்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.

நான்காவது. சுப்ரியா உங்களோடு வந்துவிட்டால் தெருவில் பேச்சு அடங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லோர் காதும் இங்கேதான் இருக்கிறது. நவநீத்தின் கோபம் தணியும். அவளுக்கும்

மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. இவ்வளவு எழுதும்போது சுப்ரியா அறை வாசலில் வந்து நின்றாள். நேற்று உங்களிடம் போனில் நான் இழுத்து இழுத்துப் பேசியதைக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. “அம்மாவுக்கா எழுதறேள்? நான் போகணும்னா நீங்களே எங்கிட்ட சொல்லுங்கோப்பா, போயிடறேன். அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதீங்கோ” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அந்த மனுவில் ஒப்பு இடாமலேயே, மனு கேட்டதை இந்தக் கடிதத்தால் நடத்திக்கொடுக்க இருந்தேன். அவள் வாசற்படி தாண்டிவிட்டால் திரும்பி வர எத்தனை வாய்தா ஆகும் என்று ஆதிரா முன்பே எச்சரித்திருந்தார். தெருப் பேச்சு என்று எழுதினேனே, அது என் பயம்தான்.

வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். திரும்பிப் போகும் டிக்கெட் உங்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். அதையும் தள்ளிப் போட முடிந்தால் நல்லது. நீங்கள் வந்த பிறகு வரும் அந்தத் திங்கட்கிழமை நவநீத்திடம் முடியாது என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். அப்போது எனக்குக் கால் நடுங்கும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். நாற்காலியை இந்த முறை நானே போட்டு வைக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து.

வேறு தாளில் சுத்தமாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான்காவதை மட்டும், தணிக்கையில் செய்வதுபோல் ஒரே கோட்டால் அடித்து ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன், அடியில் இருப்பதைப் படிக்கலாம். நான்காவது குறிப்பு தவறு.

என்றும் நன்றியுடன்,
சேஷன்