உறைமேல் எழுத வேண்டிய பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

சர் லயனல் தோர்ன்ஹாவின் வீட்டில் தங்கி அவர் குடும்ப வரலாற்றை எழுதி முடிக்கிற நேரத்தில் ஒரு சின்னச் சிக்கல். கவலைப்படாதீர்கள். அவருடைய தாத்தா பிறந்தது மார்ச்சில். அந்தத் தாத்தாவைப் பெற்றவர்களுக்குக் கல்யாணமே அதே வருஷம் ஜூனில்தான். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பரம்பரையாக வரும் 'சர்' பட்டம் கிடையாது. அது தாத்தாவின் தம்பி வழிக்குப் போயிருக்க வேண்டும். அந்த வழியில் இன்று இருப்பவர் கிரிம்ஸ்பியில் மீன் கடை வைத்திருக்கிறார்.

தேவாலயப் பதிவேட்டை சர் லயனலிடம் காட்டினேன்.

"மீன் விக்கிறவனா 'சர்'? பிறந்த வருஷத்துல ஒண்ணு கூட்டி எழுது."

"முடியாதுங்க."

"சுரங்கக்காரன் மக எனக்குப் பரம்பரை சொல்லித் தர்றியா? மாசக் கடைசியில மூட்டையக் கட்டு."

அன்றிலிருந்து சமையல்காரி கூட என்னோடு பேசுவதில்லை. அறையில் குளிர் அதிகம். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கூடவே ஒரு வரியாவது எழுதுங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார். ஒன்று மட்டும். உறைமேல் 'சர்' வேண்டாம். 'மிஸ்டர் லயனல் தோர்ன்ஹா வீடு' என்று பெரிதாக எழுதுங்கள். காலைச் சாப்பாட்டு மேஜையில், விருந்தாளிகள் முன்னால், தபால் பையைத் திறந்து ஒவ்வொரு உறையையும் உரக்கப் படிப்பது லயனல்தான்.

உங்கள் மகள்,
வினிஃப்ரெட்