அளந்ததால் மாறிய நிறம்

ஆயர் ஈத்தாம்,
12.3.1996

அன்பின் ஞானாம்பிகை,

நான் சுகம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

நேற்று ஆய்வுகூடத்தில் திகைத்துப்போனேன். கண்ணாடித் துண்டொன்றில், தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய படலங்களை அடுக்கியிருந்தோம். பச்சை ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டிய அது, நாளுக்கு நாள் மஞ்சளுக்கு நகர்ந்தது. கூட வேலை செய்யும் சந்திரிகாதான் கை வைத்திருப்பாள் என்று ஏசிவிட்டேன்.

கடைசியில் பார்த்தால், அளப்பதற்காக நானே தினமும் பாய்ச்சிய லேசர் ஒளிதான் அதை மாற்றியிருக்கிறது! இன்னும் நம்பமுடியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நல்ல சேதிலா அண்ணே! லைட்டை வச்சே நிறத்தை மாத்தலாம்ல? கோப்பி வாங்கிக் குடுங்க," என்றாள்.

ஜன்னலோரம் வைத்த படத்தில் வெயில் பட்டு உங்கள் இருவரின் முகமும் வெளிறிவிட்டது. வேறொன்று அனுப்பும். பெட்டிக்குள் வைக்கிறேன். பார்ப்பதற்கு வெளியே எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லமுடியாது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

சற்குணம்