லினக்ஸில் காணாமல் போன செவ்வாய்

ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஜெராக்ஸ் மெஷின் தாளை மென்று துப்புகிறது. ஆவணி பிறந்துவிட்டது, ஜாதகம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். ஜாதகச் செயலிதான் திறக்கவில்லை.

பழைய விண்டோஸ், 'ஆதரவு முடிந்தது, வேறு கம்ப்யூட்டர் பார்' என்று தினமும் மிரட்டியது. என்னை மிரட்டினால் நடக்குமா. சனிக்கிழமை மொத்தமாக அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லினக்ஸ் வைத்த ஒரே டைப்பிங் கடை. பெருமை ஒரு நாள் தாங்கியது.

இன்று செய்தவை:
– செயலியின் சி.டி. உறையில் இருந்த உதவி எண்ணுக்கு போன். "எத்தினி பேருக்கு பிரியாணி?" என்றார்கள்.
– இணையத்தில் லினக்ஸ்காரர்கள் குழுவில் கேட்டேன். நான்கு பதில். நான்கும் 'இதை ஏன் செய்கிறீர்கள்?'
– கம்ப்யூட்டர் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால். கையால் தள்ளி வைத்தேன்.
– டீ, நான்கு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். 4.10க்குத் திறந்தது!

லினக்ஸில் விண்டோஸ் செயலியை ஓட்ட இடையில் ஒரு மென்பொருள் உண்டு. இது விண்டோஸ்தான், சந்தேகமே வேண்டாம் என்று செயலியிடம் சாதிக்கும். நான் அதற்கு வைத்த பெயர் தரகர். மாப்பிள்ளைக்குத் தலையில் முழுக்க முடி என்று சாதிப்பாரே, அவரைப் போல. முதலில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டதும் தமிழ்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடையில் இருந்த ஒரே ஆளிடம் சொன்னேன். "ஆதாரு ரெண்டு பக்கமும் போடும்மா, ஜல்தி" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜாதகம் பதினொன்று. மதியம் சாப்பாடு கொண்டுவந்த அம்மா, "உன்னுதையும் ஒண்ணு எடு. பழைய தாளு மடிச்சி மடிச்சிக் கிழிஞ்சி போச்சி" என்றார்.

எடுத்தேன். அதே நட்சத்திரம், அதே ராசி. ஆனால் எட்டில் இருந்த செவ்வாய் ஐந்தில் இருக்கிறது.

எட்டில் செவ்வாய் என்றால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். பதினைந்து வருடமாக வந்த வரனெல்லாம் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. எனக்கு நாற்பது ஆக இன்னும் ஒன்பது மாதம். அம்மா தாளை மூன்று முறை படித்தார். அப்புறம் அழுதார்.

"பழைய கம்ப்யூட்டர்லதான் தோஷம் இருந்திருக்குது. நீ அதையே கட்டிக்கினு இத்தினி வருஷத்த ஓட்டிட்டியேடி."

லினக்ஸில் துல்லியம் அதிகம் என்று நானும் நம்பினேன். வெட்கம்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள், திண்டிவனத்திலிருந்து. ஞானவேல், 42. எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் கடை. கூட அவர் அம்மா மட்டும். அம்மா அனுப்பிய புதுத் தாளில் ஜாதகம் பார்த்தாயிற்று, தோஷம் இல்லை, பரம திருப்தி.

நம் வீட்டு முன்னறைதானே கடை. ஞானவேல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது விண்டோஸ் இல்லீங்களே?"

இதுவரை பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. தரகரைப் பற்றி இருபது நிமிடம் சொன்னேன். கொட்டாவி விடாமல் கேட்டார். நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார், இரண்டும் நல்ல சந்தேகம்.

போனதும் அம்மா: "வந்த எடத்துல பேச உனக்கு வேற பேச்சே கெடைக்கலியா?"

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. நிஜமாகவே.

அடுத்த ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

புழுக்கம். மின்வெட்டு இருமுறை. நாசமாய்ப் போன நாள்.

எங்கள் தெரு ஜோசியர் வந்தார். நேற்று பிறந்த குழந்தைக்கு நான் எடுத்துக் கொடுத்த தாளை மேசையில் போட்டார்.

"கொழந்த பொறந்தது காலைல ஆறு மணிக்கு. மாசம் ஆவணி. சூரியன் சிம்மத்துல. உதிக்கிற நேரத்துக்கு லக்னமும் சிம்மம்தானே வரணும்? நீ துலாம்னு போட்டிருக்கிற. உங்க கடையில காலைல ஆறுக்கே உச்சி வெயிலாம்மா?"

கம்ப்யூட்டர் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கடிகார முள்ளைத்தான் தள்ளினேன், ஊர் நேரத்தை மாற்றவே இல்லை. லினக்ஸ் இன்னும் லண்டன் பக்கத்து நேரத்தில் இருக்கிறது. தரகர் அதை அப்படியே செயலியிடம் சொல்லியிருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பதினொன்றரை மணி லக்னம். நட்சத்திரம் மாறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதுவரை எடுத்தது 23 ஜாதகம். அதில் ஒன்று என்னுடையது.

ஊர் நேரத்தைத் திருத்தினேன். என்னுடையதைத் திரும்ப எடுத்தேன். செவ்வாய் எட்டில். கையில் தாளோடு உட்கார்ந்தே இருந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

22 பேருக்கும் போன். புதுத் தாள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். திட்டு: 9. "பரவால்லம்மா": 6. எடுக்காதவர்கள்: 7, மாலையில் மறுபடி கூப்பிட வேண்டும். முகையூர்க்காரர் ஒருவர், "மொதல்ல எடுத்ததே நல்லா இருந்திச்சி, அதையே வெச்சிக்கிறேன்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் மாத்திக் குடு. உன்னுத மட்டும் உட்டுட்றி. யாரு கேக்கப் போறாங்க?"

விட்டுவிடலாம்தான். மதியம் வரைக்கும் விட்டுவிடத்தான் நினைத்தேன். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். திண்டிவனத்துக்கு போன் செய்து அவரிடம் எல்லாம் சொன்னேன்.

"தெரியும்ங்க" என்றார் ஞானவேல்.

எப்படி என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க ஜாதகம் எங்க வூட்டுக்கு வந்திச்சி. எட்டுல செவ்வாய்னு அம்மா திருப்பிட்டாங்க. இப்ப அதே பேரு, அதே நேரம், அஞ்சுல. ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டுனா எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"போன வாட்டி எனக்கு போட்டோ காட்டலீங்க."

அப்புறம், "அம்மாகிட்ட நான் சொன்னா, உங்களுக்காகப் பேசறேன்னு நெனைப்பாங்க. ஞாயித்துக்கெழம அப்பாவையும் இட்டுக்கினு வர்றேன். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மேகமூட்டம். மூன்று பேரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். அவர் அப்பா ஒரு மூலை, அவர் அம்மா ஒரு மூலை. நடுவில் ஞானவேல்.

"உங்கப்பாவ கேளு, காபியா டீயான்னு."

"டீன்னு சொல்லுடா உங்கம்மாகிட்ட."

பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் மகன் வழியாகத்தான் பேச்சாம்.

இரண்டு தாளையும் வைத்துச் சொன்னேன். லண்டன், ஐந்தரை மணி, தரகர், எல்லாம். அவர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எதுதான் நெஜம்?" என்றார்.

"எட்டுல இருக்கிறதுதாங்க."

என் அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"நேரத்த சரி பண்ணிட்டேன்ற. இப்ப போட்டா தப்பு வராதே?" என்றார் ஞானவேலின் அம்மா.

"வராதுங்க."

"அப்ப எனக்கும் இந்த மனுஷனுக்கும் பொருத்தம் போடு."

தான் பிறந்த நேரம் அவருக்கே தெரிந்திருந்தது. கணவருடையதையும் அவரே சொன்னார், நிமிடம் உட்பட. அந்த மூலையில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தட்டினேன். தாள் வந்தது. ஞானவேல் வாங்கிப் படித்தார்.

"பத்துக்கு ஒம்போதும்மா."

அவர் அம்மா தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். நிதானமாக நாலாகக் கிழித்தார்.

"இந்தப் பொருத்தத்த வெச்சிக்கினு நாங்க கிழிச்சது போதும்" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, நேராக அவரைப் பார்த்து, "இன்னா உக்காந்துக்கினே இருக்கிற? பையில பூ இருக்குது, எடு."