அரத்து உருக்கில் அடித்த கடையாணி

அத்தான்,

இன்று காலை வீட்டாரைக் கூட்டி, நெடுநேரம் ஆலோசித்து, ஒரு முடிவு எடுத்தேன். நீங்கள் எனக்குத் தந்தவற்றில் மிஞ்சியிருந்த கடைசி அரம் இனி மீன் செதில் உரசப் பயன்படும். என் மனைவி உடனே ஒரு கெண்டையில் சோதித்துப் பார்த்தாள். "இதுக்காச்சும் ஒதவுதே" என்றாள். எண்ணெய் நாற்றமும் மீன் நாற்றமும் கலந்து வந்தபோது உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

ராஜபாளையம் பஞ்சு அரவை ஆலையில் நீங்கள் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர், நான் குமாஸ்தா. அக்காவை உங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து உங்கள் சொல்லை நம்புவது எங்கள் குடும்ப வழக்கம். வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு ஒரு பட்டறை போடுகிறேன் என்று நான் சொன்னபோது, வத்திராயிருப்பு வண்டிக்காரர்கள் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் செருகும் கடையாணி கேட்டிருந்தார்கள். அந்த ஒரு வேலையை நம்பித்தான் வேலையை விட்டேன். சுத்தியலும் பட்டடைக்கல்லும் நானே பார்த்து வாங்கிவிட்டேன். யுத்த காலம், புது இரும்பு கிடைக்கவில்லை. ஆலையின் கழிவுக் குவியலுக்கு என்னை அழைத்துப் போனீர்கள்.

நான் வண்டிச் சக்கரத்தின் பழைய இரும்புப் பட்டா ஒன்றை எடுத்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"மாப்ளே, அது வெத்தலக் காம்பு மாதிரி வளையும். அரத்தப் பாரு. இரும்பையே ராவுத இரும்பு. நல்லாப் பழுக்கக் காச்சி அடி, செவக்கச் செவக்கத் தண்ணியில முக்கு. வைரமா நிக்கும்."

தேய்ந்த அரங்களைக் கட்டாகக் கட்டி என் தோளில் நீங்களே ஏற்றிவிட்டீர்கள். பட்டாவைத் திரும்பப் போட்டேன். கடினமானது உறுதியானது என்று நம்புவதற்கு எனக்குப் படிப்பும் துணை செய்தது.

பத்தே நாள். தேங்காய் ஏற்றிய வண்டியில் கடையாணி முறிந்து, சக்கரம் தனியாக ஓடிப்போய்க் கண்மாயில் இறங்கியது. வண்டிக்காரர் இரண்டு துண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். "அய்யா, ஒங்க ஆணி வைரந்தான். கண்ணாடி கணக்கா ஒடையிது பாத்தீயளா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது நீங்கள் வந்தீர்கள். அதற்குள் நீங்களும் வீட்டில் ஒரு பட்டறை போட்டிருந்தீர்கள்.

"எழுதுத கை சுத்தியலப் புடிச்சா இப்பிடித்தான். பாவம், விடுங்க. நம்ம பட்டறைக்கு வாங்க, நான் அடிச்சுத் தாரேன்."

அடித்துத் தந்தீர்கள். நான் திரும்பப் போட்ட அதே சக்கரப் பட்டாவில். கடையாணிக்கு வேண்டியது வளைந்து கொடுக்கும் இரும்பு. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாம், முறிந்ததை என்ன செய்வது? இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தில்தான் நீங்கள் சாகும்வரை சாப்பிட்டீர்கள். நான் கதவுக் கீல் அடித்தேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள் அக்கா உங்கள் பட்டறைச் சாவியைத் தந்தாள். எது மெல்லிரும்பு, எது உருக்கு என்று அத்தான் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவிய கதவச் சாத்திக்கிட்டு சாணைக்கல்லுல ஒவ்வொரு கம்பியாப் புடிப்பாவ. பொறி நீளமா வைக்கோலு மாதிரிப் போனா மெல்லிரும்பு. மத்தாப்பு மாதிரி வெடிச்சா உருக்கு. பெரிய தேவ ரகசியம்! சாவி ஓட்ட வழியா எம்புட்டு வருசமாப் பாக்கேன்."

அதற்குள் வண்டிக்காரர்கள் என்னிடம் திரும்பி வந்திருந்தார்கள், வேறு ஆளில்லை. நியாயமாக நானும் உங்களைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு பொறி பார்த்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கட்டையில் வேகும்வரை காத்த ஒன்றை ஊரறியச் செய்வதைவிட உங்களுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை எதுவும் தோன்றவில்லை. அச்சாபீசில் கொடுத்து நோட்டீஸ் அடித்தேன். முதல் வரி: 'இதில் ரகசியம் ஒன்றுமில்லை.' பிறகு பொறி பார்க்கும் முறை. எந்த வேலைக்கு எந்த இரும்பு. அரத்து உருக்கு உளிக்கு ஆகும், கடையாணிக்கு ஆகாது. வத்திராயிருப்பிலிருந்து சேத்தூர் வரை ஒவ்வொரு கொல்லர் வீட்டுக்கும் நானே நடந்துபோய்க் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டினேன். எழுதுகிற கை அல்லவா?

உங்களிடம் எனக்கு இருந்த கோபத்தில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வண்டிக்காரர்கள் இப்போது அவரவர் ஊர்க் கொல்லரிடமே கடையாணி அடித்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை முதல் நான் ஆலையில் மறுபடியும் குமாஸ்தா.