மூன்று நிமிடம் மிச்சமிருக்க நின்ற கார்

அத்தான்,

இன்று பின்னேரம் பேசாலைக் கடற்கரையில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த போன் தன்பாட்டில் அந்தப் பழைய வீடியோவைக் காட்டியது. அந்த ஜப்பான் கார் முடிவுக் கோட்டருகே மெதுவாகி நிற்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தேன். வைத்த பிறகும், நீங்கள் என் முதுகுப் பக்கம் நின்று குனிந்து பார்ப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

உங்களுக்கு அந்தக் கார்மேல் அப்படியொரு பைத்தியம். பிரான்சில் நடக்கும் இருபத்துநாலு மணித்தியால ஓட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேறொரு ஜப்பான் கொம்பனி ஒரு தடவை வென்றதோடு சரி. உங்கள் கொம்பனி பலமுறை போய் இரண்டாம் இடத்தோடுதான் திரும்பியது. "உங்கட ஆக்களுக்கு ரெண்டாமிடம் எண்டு எழுதியே வைச்சிருக்கு" என்று சீண்டுவேன். "என்ர படகிலயும் ஜப்பான் எஞ்சின்தானேடா, விட்டுக்குடுக்க ஏலுமே?" என்பீர்கள். பிறகு வழக்கமான பேச்சு: "கெதியா ஓடுறது பெரிசில்லை. கடைசியில வந்து சேரவேணும்."

கார் நின்ற அந்த வருஷமும் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடத்தான் முடிந்தது. ஞாயிறு நாங்கள் கடல் தொழிலுக்குப் போவதில்லை என்பதால் உங்கள் எஞ்சினை அன்று பழுது பார்த்தேன். படகைக் கொஞ்சத் தூரம் ஓட்டியும் சோதித்தேன். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் குளிர்ந்துவிட்டால் பெற்றோலில்தான் கிளப்ப வேண்டும். அதற்கென்று படகில் இருக்கும் சின்னப் பெற்றோல் கானில் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. உங்கள் வீட்டின் பின்பக்கம் இருந்த பெற்றோல் போத்தலை எடுத்துப்போய் நிரப்பத்தான் வந்தேன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். விறாந்தையில் நீங்கள் கதிரை நுனியில் இருந்து ஓட்டம் பார்ப்பதைக் கண்டு நானும் நின்றுவிட்டேன்.

உங்கள் கார் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம்தான் பாக்கி. திடீரென்று வேகம் விழுந்தது. வலு இல்லையென்று ஓட்டுநர் ரேடியோவில் சொன்னார். கோட்டுக்கு அங்கால், கடைசிச் சுற்றின் தொடக்கத்திலேயே, கார் நின்றது. மற்றவன் கடந்து போனான். பிறகு அது தவண்டு தவண்டு ஒரு சுற்று வந்ததுதான். ஆனால் அந்தச் சுற்றுக்கு எடுத்த நேரம் கூடிவிட்டதென்று முடிவுப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. அந்தக் கொம்பனிக்காரர் அழுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"பெற்றோல் ஊத்தினனியோடா?"

"ஓம் அத்தான்."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்தா ஊற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். பிறகு மறந்தே போனேன். சத்தியமாக மறந்துதான் போனேன்.

திங்கள் விடிய நீங்கள் தனியாகப் போனீர்கள். கரையில் ஒருதரம் கிளப்ப அந்தக் கொஞ்சம் போதும். மூன்றாம் நாள் படகு மட்டும் கிடைத்தது. எஞ்சினைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பாதி வலை படகில், பாதி தண்ணீரில். மண்ணெண்ணெய் தாங்கியில் பாதிக்கு மேல் கிடந்தது. சின்னக் கானில் ஒரு சொட்டு இல்லை. வலை இழுக்க எஞ்சினை நிறுத்தியிருக்கிறீர்கள், அது குளிர்ந்துவிட்டது. சோளகக் காற்று படகை இழுத்துக்கொண்டு போகையில் எத்தனை தரம் எஞ்சின் கயிற்றை இழுத்தீர்களோ. எல்லோருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: "காத்துத்தான்."

இரண்டு வருஷம் கழித்து உங்கள் கார் வென்றது. தனியாகப் பார்த்தேன். கைதட்ட வரவில்லை. வாசலில் யாரோ கேட்பது போலவே இருந்தது, ஊத்தினனியோடா, ஊத்தினனியோடா என்று.

இன்று தாங்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே அக்காவிடம் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும். நீ ஓம் எண்டது குசினிக்குக் கேட்டது. அடுத்த நாள் பாக்க, பெற்றோல் போத்தல் அப்பிடியே கிடந்தது. நீயாச் சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "இருந்து சாப்பிட்டிட்டுப் போ" என்றாள்.

இத்தனை வருஷமும் இதை நான் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்தேன், அத்தான். அவள் எனக்குப் போட்ட ஒவ்வொரு பிடிச் சோற்றையும் தெரிந்துகொண்டுதான் போட்டிருக்கிறாள். இனி அதை நான் எப்படி விழுங்குவேன்?